சிஸ்டம் வாங்கும் முன் கொஞ்சம் கைதட்டிப் பாருங்கள்!

ராஜபாளையத்தில் நாய்க்குட்டி வாங்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரண்டு வகை. முதல் வகை, பால் வெள்ளை உடம்பையும் இளஞ்சிவப்பு மூக்கையும் பார்த்தவுடனே பர்ஸை எடுத்துவிடும். இரண்டாவது வகை, விவரம் தெரிந்தவர்கள். குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று பட்டென்று ஒரு கைதட்டல். வெள்ளை நிற நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. குட்டி திரும்பிப் பார்த்தால்தான் அடுத்த பேச்சு. அதற்கப்புறம், "தாயைக் காட்டுங்க" என்பார்கள். அதையும் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள்.

ஒரு குட்டிக்கு இத்தனை சோதனை. ஆனால் இருபத்தைந்தாயிரம், ஐம்பதாயிரம் கொடுத்து டே டிரேடிங் சிஸ்டம் வாங்குகிறவர்களில் பலர் ஒரு கைதட்டல்கூட இல்லாமல் யுபிஐயில் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள்!

டே டிரேடிங் என்றால் காலை 9.15க்கு மார்க்கெட் திறந்து மாலை 3.30க்கு மூடுவதற்குள் வாங்கி விற்றுக் கணக்கை முடிப்பது. எப்போது வாங்க வேண்டும், எப்போது விற்க வேண்டும், எங்கே நஷ்டத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்லும் விதிகளின் தொகுப்புதான் சிஸ்டம். அது ஒரு கோர்ஸாக வரலாம். சார்ட்டில் பச்சை, சிவப்பு அம்புக்குறி காட்டும் இண்டிகேட்டராக வரலாம். தானே ஆர்டர் போடும் அல்கோ சாஃப்ட்வேராகவும் வரலாம். பெயர்தான் வேறு, விற்கப்படும் சரக்கு ஒன்றுதான்: "இதைப் பின்பற்றினால் தினமும் லாபம்" என்ற நம்பிக்கை.

ஒரு மாணவனும் ஒரு மாமாவும்

ராஜபாளையத்தில் பி.காம் கடைசி வருடம் படிக்கும் ஒரு மாணவன். அப்பாவுக்கு நூற்பாலையில் ஷிப்ட் வேலை. அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் முப்பதாயிரம் வீட்டில் இருக்கிறது. ஜூனில் தங்கையைக் கல்லூரியில் சேர்க்க எடுத்து வைத்தது.

இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம். ஞாயிறு காலை இலவச வெபினார். அதில் ஒருவர் சார்ட்டைப் போட்டுக் காட்டினார். பச்சை அம்பு வந்த இடத்திலெல்லாம் விலை ஏறியிருந்தது, சிவப்பு அம்பு வந்த இடத்திலெல்லாம் இறங்கியிருந்தது. விலை 49,999 ரூபாய். "இன்று இரவு 12 மணி வரை மட்டும்" 24,999. மாணவனுக்கு மனக்கணக்கு ஓடியது. ஒரு நாளைக்கு ஆயிரம், மாதம் இருபது நாள், இருபதாயிரம். ஜூனுக்குள் போட்ட பணத்தை எடுத்து, மேலே லாபமும் பார்த்துவிடலாம். அம்மாவும் "நீ படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஒரு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் மாமா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மாமா பால்கோவா கிண்டுகிறவர். ஷேர் மார்க்கெட் பக்கமே போகாதவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது இதுதான்:

"ஒரு நாளைக்கு ஆயிரம் வரும்னு சொல்றது யாரு மாப்ள? விக்கிறவனா, வாங்கினவனா?"

"விக்கிறவங்கதான் மாமா. ஆனா ரிசல்ட் எல்லாம் காட்டுனாங்க."

"பால் ஊத்த வர்றவன் எல்லாம் நல்ல பாலத்தான் மாப்ள காட்டுவான். நம்ம அடுப்புல, நம்ம சட்டியில காய்ச்சி, லிட்டருக்கு எவ்வளவு கோவா நிக்குதுன்னு பாத்தாத்தான் தெரியும். சரி, கையில எவ்வளவு இருக்கு?"

"முப்பதாயிரம்."

"முப்பதுல இருபத்தஞ்சு அவனுக்குப் போயிருச்சுன்னா, யாவாரத்துக்கு முதல் எங்க?"

பி.காம் மூன்று வருடம் படித்தவனுக்கு இந்தக் கேள்வி வரவில்லை! மிச்சம் இருப்பது ஐந்தாயிரம். அதில் தினமும் ஆயிரம் என்றால் ஒரு நாளைக்கு 20 சதவீதம். புரோக்கர் ஐந்து மடங்கு வரை மார்ஜின் கொடுத்தாலும், தினமும், தவறாமல், எல்லாச் செலவும் போக 4 சதவீதம் விலை நகர்வைப் பிடிக்க வேண்டும். உலகத்தில் எந்த ஃபண்ட் மேனேஜரும் செய்யாத காரியம்.

அன்று இரவு 12 மணி தாண்டியது. பணம் போகவில்லை. மறுநாள் காலை அதே நபரிடமிருந்து மெசேஜ்: "உங்களுக்காக ஆஃபரை மூன்று நாள் நீட்டித்திருக்கிறோம்." மாணவன் டெமோ கேட்டான். மூன்று நாள் டெமோ கிடைத்தது. அந்த மூன்று நாளும் கல்லூரி நோட்டு ஒன்றில் அவன் செய்த சோதனைகள், சிஸ்டம் வாங்க நினைக்கிற எவருக்கும் பயன்படும்.

1. பதிவு எண் எங்கே?

காசு வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்கிறவர் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி முதலீட்டு ஆலோசகராகவும், இந்தப் பங்கை வாங்கு, விற்று விடு என்று பரிந்துரை கொடுக்கிறவர் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ரிசர்ச் அனலிஸ்டாகவும் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆலோசகரின் எண் ஐஎன்ஏ என்றும், அனலிஸ்டின் எண் ஐஎன்எச் என்றும் தொடங்கும். செபி இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. யாருடைய எண்ணையோ போட்டுக்கொள்ளும் ஆசாமிகளும் உண்டு. பட்டியலில் உள்ள பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அந்தப் பட்டியலில் உள்ள எண்ணுக்கே பேச வேண்டும்.

மாணவன் கேட்டதற்கு வந்த பதில்: "நாங்க அட்வைஸ் தர்றதில்ல தம்பி, எஜுகேஷன் மட்டும்தான்."

இந்தப் பதிலுக்கும் ஒரு சோதனை உண்டு. 2025 ஜனவரியில் செபி வெளியிட்ட சுற்றறிக்கை, கல்வி மட்டும் தருகிறேன் என்கிறவர் கடந்த மூன்று மாதத்து விலைகளை வைத்துப் பங்குகளைப் பற்றிப் பேசவோ காட்டவோ கூடாது என்றது. அதற்கு முந்தைய விலைகளை வைத்துத்தான் பாடம் நடத்தலாம் என்றது. அப்படியானால் "எஜுகேஷன்" என்று சொல்லிக்கொண்டே இன்று காலை பத்தே காலுக்கு வாங்கு என்று அம்பு காட்டுவது எந்தக் கணக்கில் வரும்?

புகழ் இருப்பதும் பதிவு இருப்பதும் வேறு வேறு. தமிழ் யூடியூப் பார்க்கிறவர்களுக்கு நன்கு தெரிந்த சென்னை ஆப்ஷன் டிரேடர் பி.ஆர்.சுந்தர், பதிவில்லாமல் ஆலோசனைச் சேவை நடத்தியதாக எழுந்த விவகாரத்தை 2023 மே மாதம் செபியுடன் சமரச உத்தரவு மூலம் முடித்துக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆனால் ஆறு கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிக் கட்டவும், ஒரு வருடம் பங்குச்சந்தையில் வாங்காமல் விற்காமல் இருக்கவும் சம்மதித்தார்.

பதிவு இருந்துவிட்டால் சிஸ்டம் லாபம் தரும் என்றும் அர்த்தமில்லை. தவறு நடந்தால் யார் மீது புகார் கொடுப்பது என்று தெரியும், அவ்வளவுதான். உண்மையில் பதிவு பெற்றவர் இவ்வளவு லாபம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. "கியாரண்டி" என்ற வார்த்தை வந்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

2. அம்பு நின்ற இடத்தில் நிற்கிறதா?

இதுதான் கைதட்டல் சோதனை. பழைய சார்ட்டில் அம்புகள் அழகாக இருக்கும். ஏனென்றால் சில இண்டிகேட்டர்கள் பின்னால் வந்த விலையையும் சேர்த்துக்கொண்டு, முன்னால் போட்ட குறியை மாற்றிவிடும். இதை ரீபெயின்ட் என்பார்கள். ஜிக்ஜாக் என்ற இண்டிகேட்டர் இப்படித்தான் வேலை செய்யும். அது மோசடி இல்லை, நடந்து முடிந்ததைப் படிக்க உதவும் கருவி. அதையே "நடக்கப்போவதைச் சொல்லும்" என்று விற்றால்தான் மோசடி.

மாணவன் செய்தது எளிமையான காரியம். அம்பு வந்த அந்த நிமிடமே நேரம், விலை இரண்டையும் நோட்டில் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்தான். மூன்று நாளில் மொத்தம் 14 அம்புகள். அதில் லாபம் தந்தவை 6, நஷ்டம் 8. ஒவ்வொரு நாளும் மாலை 3.30க்குப் பிறகு அதே சார்ட்டைத் திறந்து எண்ணினான். மூன்று நாளும் சேர்த்து 9 அம்புகள்தான் இருந்தன! நஷ்டம் தந்த ஐந்து அம்புகள் காணாமல் போயிருந்தன. ஒன்பதில் ஆறு லாபம். விளம்பரத்தில் "மூன்றில் இரண்டு டிரேடு வெற்றி" என்று போட்டிருந்தது எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா?

3. பேக்டெஸ்ட் என்பது எதை வைத்து?

"பத்து வருட டேட்டாவில் சோதித்தது" என்பார்கள். போன வருடக் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு விடை தயாரித்தால், போன வருடப் பரீட்சையில் நூற்றுக்கு நூறுதான். விதிகளை மாற்றி மாற்றிப் பழைய டேட்டாவுக்குப் பொருந்துகிற மாதிரி செதுக்கினால், லாபக்கோடு மேலேதான் போகும். எனவே கேட்க வேண்டிய கேள்வி: விதிகளை முடிவு செய்த பிறகு வந்த, அதுவரை பார்க்காத மாதங்களில் ரிசல்ட் என்ன?

இன்னொரு ஓட்டையும் உண்டு. இன்றைய நிஃப்டி 50 பட்டியலை வைத்துப் பழைய வருடங்களைச் சோதித்தால், விழுந்த பங்குகள் கணக்கிலேயே வராது. 2018ல் 400 ரூபாயைத் தொட்ட யெஸ் பேங்க் 2020 மார்ச்சில் நிஃப்டியிலிருந்து நீக்கப்பட்டது. இன்றைய பட்டியலில் அது இல்லை. ஆனால் 2018ல் டிரேட் செய்தவன் கையில் அது இருந்திருக்கும்!

4. எத்தனை முறை ஜெயித்தது என்பது மட்டும் கணக்கல்ல

பத்து டிரேடில் ஒன்பது வெற்றி, தலா 100 ரூபாய். மொத்தம் 900. பத்தாவதில் 1,500 நஷ்டம். "90 சதவீதம் வெற்றி" என்று விளம்பரம் செய்யலாம், பொய்யும் இல்லை. பையில் 600 ரூபாய் குறைந்திருக்கும். ஆகவே சராசரி லாபம் எவ்வளவு, சராசரி நஷ்டம் எவ்வளவு, உச்சத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு சரிந்தது என்ற மூன்றையும் கேட்க வேண்டும். பாதிப் பணம் போய்விட்டால், பழைய நிலைக்கு வர மிச்சப் பணம் 50 அல்ல, 100 சதவீதம் வளர வேண்டும்.

டெலிகிராமில் "தொடர்ந்து ஐந்து கால் சரியா வந்துச்சு" என்று சாட்சி சொல்கிறவர்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1,024 பேரில் பாதிப் பேருக்கு "ஏறும்" என்றும் பாதிப் பேருக்கு "இறங்கும்" என்றும் அனுப்பு. தப்பாய்ப் போனவர்களை விட்டுவிட்டு, சரியாய் வந்த 512 பேருக்கு மறுபடி அதே மாதிரி. ஐந்தாவது நாள் முடிவில் 32 பேர் மிஞ்சுவார்கள். அந்த 32 பேரும் சத்தியமாக உண்மையைத்தான் சொல்வார்கள்!

5. செலவுக்குப் பிறகு என்ன மிஞ்சும்?

காமர்ஸ் மாணவன் என்பதால் இந்தப் பக்கத்தை மட்டும் ஆசையோடு எழுதியிருந்தான். 20,000 ரூபாய் முதல், ஐந்து மடங்கு மார்ஜின், ஒரு லட்சத்துக்குப் பங்கு வாங்கி அன்றே விற்பதாக வைத்துக்கொள்வோம். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கர் என்றால் வாங்க, விற்க 40. விற்கும்போது எஸ்டிடி 0.025 சதவீதம், அதாவது 25. முத்திரைக் கட்டணம் 3. எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து சுமார் 14. ஆக ஒரு டிரேடுக்கு 82 ரூபாய். நாளைக்கு நான்கு டிரேடு, மாதம் இருபது நாள் என்றால் 6,560 ரூபாய். முதலில் மூன்றில் ஒரு பங்கு, லாபமோ நஷ்டமோ, ஒவ்வொரு மாதமும் செலவாகவே போய்விடும். நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் இதில் சேரவில்லை. பெரும்பாலான விளம்பர ரிசல்ட்டுகளில் இந்தச் செலவு கழிக்கப்பட்டிருக்காது. கழித்ததா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

வருமான வரிப் பாடம் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். பங்குகளில் டே டிரேடிங் லாபம் ஸ்பெகுலேஷன் வியாபார வருமானம். அதில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்திலோ வேறு வியாபாரத்திலோ கழிக்க முடியாது. இன்னொரு ஸ்பெகுலேஷன் லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம், அதுவும் நான்கு வருடத்துக்குள்.

6. தாயைக் காட்டு!

அதாவது, விற்கிறவர் தன் சிஸ்டத்தில் தானே சம்பாதித்ததைக் காட்டட்டும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதை ஐந்து நிமிடத்தில் எவரும் மாற்றலாம். ஒரு நாள் லாபமும் வேண்டாம். நாலு கணக்கு வைத்திருந்து ஜெயித்த கணக்கை மட்டும் காட்டலாம். குறைந்தது ஒரு வருடத்து கான்ட்ராக்ட் நோட், அதோடு ஒத்துப்போகும் வருமான வரித் தாக்கல்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் கோர்ஸ் நடத்திய முகமது நசிருதீன் அன்சாரி வழக்கே போதும். பெரிய லாபம் என்று விளம்பரம் செய்து கோர்ஸ்களும் பரிந்துரைகளும் விற்றவர். 2023 அக்டோபரில் செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவில், வசூலித்த 17 கோடிக்கும் மேற்பட்ட தொகையை டெபாசிட் செய்யச் சொன்னது. அதே உத்தரவில் இன்னொரு தகவலும் இருந்தது. 2021 ஜனவரியிலிருந்து 2023 ஜூலை வரை அவருடைய சொந்த டிரேடிங்கில் சுமார் 2.89 கோடி ரூபாய் நஷ்டம்!

மாணவன் கான்ட்ராக்ட் நோட் கேட்டான். "நம்பிக்கை இல்லாதவங்களுக்கு இது செட் ஆகாது தம்பி" என்று பதில் வந்தது. அரை மணி நேரத்தில் டெலிகிராம் குழுவிலிருந்தும் அவனை நீக்கிவிட்டார்கள்.

எல்லோரும் தோற்கிறார்களா?

இல்லை. ஆனால் எத்தனை பேர் என்பதைச் செபியே எண்ணிச் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலையில் வெளியான ஆய்வின்படி, 2022-23ல் பங்குகளில் டே டிரேடிங் செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம் அடைந்தார்கள். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 76 சதவீதம். வருடத்தில் 500 டிரேடுக்கு மேல் செய்தவர்களில் 80 சதவீதம். அதிகம் செய்யச் செய்ய அனுபவம் கூடி லாபம் வரும் என்று நினைப்பதற்கு நேர் எதிர். நஷ்டப்பட்டவர்கள் தங்கள் நஷ்டத்துக்கு மேல் இன்னும் 57 சதவீதம் அளவுக்குச் செலவுக் கட்டணமாகவும் கொடுத்திருக்கிறார்கள். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் இன்னும் மோசம். 2024 செப்டம்பர் ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரி சுமார் 2 லட்சம்.

தமிழ்நாட்டுக்கு ஏமாற்று வேலை புதிதல்ல. 2012ல் பெருந்துறை ஈமு கோழி, 2022ல் ஆருத்ரா. அவற்றில் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடியவர் யார் என்று தெரியும். ஏமாந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து பொருளாதாரக் குற்றப்பிரிவு அலுவலகத்தில் போய் நிற்க முடிந்தது. சிஸ்டம் விற்கிறவர் ஓட வேண்டியதே இல்லை. பணம் போவது வாங்கியவரின் சொந்த டிமேட் கணக்கில், அவரே விரல் வைத்துப் போட்ட ஆர்டரில். கேட்டால், "சிஸ்டம் சரிதான், உங்களுக்கு டிசிப்ளின் இல்லை" என்று சொல்லிவிடலாம். தோற்றவரும் அதை நம்பிவிடுகிறார். வெட்கப்பட்டு வீட்டில் சொல்வதில்லை. விட்டதைப் பிடிக்க அடுத்த சிஸ்டத்தைத் தேடுகிறார். ஒருவருக்கொருவர் தெரியாமலே ஒரே ஊரில் பத்து பேர் ஒரே ஆளிடம் தோற்றிருக்கலாம். அதனால்தான் கேள்விகளை வாங்கும் முன்பே கேட்க வேண்டியிருக்கிறது. பின்னால் கேட்க ஆள் இருக்காது.

ஜூனில் அந்த மாணவனின் தங்கை கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். நோட்டு மட்டும் இப்போது அவனுடைய வகுப்பு நண்பர்கள் கையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் இருப்பவை மூன்றே கேள்விகள்:

செபி பதிவு எண் என்ன?

ஒரு வருடத்து கான்ட்ராக்ட் நோட் காட்ட முடியுமா?

பணம் கட்டாமல் ஒரு மாதம், காலையில் வந்த அம்பை மாலையில் சரிபார்க்க விடுவீர்களா?

இதில் ஏதாவது ஒன்றுக்கு "அதை அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் வந்தால், பணத்தையும் அப்புறமே பார்த்துக்கொள்ளலாம்.